கருமந்திக்கும் வெள்ளை வேண்டும்: பேனா ஓவியம் கேள்வி பதில்

காட்டு விலங்குகளையும் பறவைகளையும் பேனாவால் வரைகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: எந்தப் பேனா வாங்கலாம்?

பதில்: மைக்ரான் என்ற மெல்லிய முனைப் பேனா வகையில் 01, 05 இரண்டு போதும். முதலாவது 0.25 மி.மீ. கோடு, மற்றது 0.45 மி.மீ. காய்ந்தபின் தண்ணீர் பட்டாலும் அந்த மை கரையாது. சாதாரண இங்க் பேனாவில் இந்தியன் இங்க் என்ற கறுப்பு ஓவிய மையை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதற்குத் தொட்டெழுதும் நிப்புதான் சரி.

கேள்வி: புலியின் ரோமம் வைக்கோல் மாதிரி வருகிறது. என்ன செய்வது?

பதில்: எல்லா முடியையும் ஒரே நீளத்தில் போட்டால் அப்படித்தான் வரும். முதலில் ரோமம் எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று பார்த்து, பென்சிலால் லேசாக அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். மூக்குத் தண்டில் முடி மிகக் குட்டை. நெற்றியில் மேல்நோக்கிப் போகும். கன்னத்துக்கு வந்ததும் நீண்டு வெளிப்பக்கம் சரியும். ஒவ்வொரு கோட்டையும் வேரில் தொடங்கி, நுனியில் சட்டென்று கையைத் தூக்குங்கள், மெலிந்து முடியும். வரிகளுக்கு விளிம்பு போட்டு உள்ளே மை நிரப்ப வேண்டாம். அதே ரோமக் கோடுகளை நெருக்கிப் போட்டாலே வரி வந்துவிடும், ஓரமும் மெத்தென்று இருக்கும். அப்புறம் இன்னொன்று: புலியின் கண்மணி வட்டமானது. வீட்டுப் பூனைக்குப் போல நெடுக்குக் கீற்றாகப் போட்ட படங்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

கேள்வி: நீலகிரிக் கருமந்தி வரைந்தேன். வெறும் கறுப்புத் திட்டாக நிற்கிறது.

பதில்: நமக்கு இருக்கும் ஒரே வெள்ளை தாளின் வெள்ளைதான். தோள், முதுகு, வாலின் மேல்பக்கம் என்று ஒளி விழும் இடங்களில் கோடுகளுக்கு நடுவே இடைவெளி விடுங்கள். முழுக் கறுப்பை முகத்துக்கும் வயிற்றடி நிழலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தலை முடி பழுப்பு நிறம் என்பதால் அங்கே இன்னும் தளர்வாகப் போடலாம். அப்போதுதான் கறுத்த முகம் எடுப்பாகத் தெரியும்.

கேள்வி: புள்ளிமானின் புள்ளிகளை வெள்ளை ஜெல் பேனாவால் வைக்கலாமா?

பதில்: வேண்டாம், மேலே ஒட்டவைத்ததுபோல் தெரியும். புள்ளிகளைப் பென்சிலில் குறித்துவிட்டு, சுற்றிலும் ரோமம் போட்டு வாருங்கள். ஜெல் பேனா மீசைக்குப் போதும்.

கேள்வி: வேடந்தாங்கலில் நேரில் வரையலாமா? பறவை ஒரு நிலையில் நிற்பதில்லையே.

பதில்: தாராளமாக. ஒரே பக்கத்தில் நாலைந்து உருவங்களைத் தொடங்கிவையுங்கள். பறவை திரும்பவும் அதே நிலைக்கு வரும், அப்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நத்தைகுத்தி நாரையில் ஆரம்பியுங்கள். மூடிய அலகின் நடுவே தெரியும் இடைவெளியைச் சரியாகப் பிடித்தால் பறவை வந்துவிடும். குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருக்காது, சேர்த்து மூடியே வரையுங்கள்.