தோட்டக்காரம்மா பதில்கள்: சித்திரைத் தண்ணியை எண்ணிவிட்டு விதையைத் தொடுங்கள்

ஆனையூரிலிருந்து ஒரு வாசகி: மொட்டை மாடியில் 20 பையில் மண் நிரப்பி வைத்திருக்கிறேன். விடியக்காலையில் கைப்பிடிச் சுவரே நனைந்து கிடக்கிறது. இந்தத் தைப்பனியில் விதை முளைக்குமா? என்னென்ன போடலாம்?

முளைக்கும் தாயி. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொன்னதெல்லாம் நம் முதுகுக்கு. மதுரைப் பனியில் வெண்டை விதை சாகாது, ரெண்டு நாள் பிந்தும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது பங்குனி வெயிலுக்கு. அது ஏறுவதற்குள் வேர் பையின் அடிவரை இறங்கியிருக்க வேண்டும். மாசி பாதி தாண்டிப் போட்டால் பிஞ்சு பிடிக்கிற சமயத்தில் வெயில் உச்சியில் நிற்கும்.

விதை வாங்குமுன் ஒரு கணக்குப் போடுங்கள். கொடி படர்ந்த பை ஒன்று சித்திரையில் காலை மாலை சேர்த்து கால் குடமாவது குடிக்கும். 20 பைக்கு தினம் 5 குடம். அதை மாடிக்கு யார் தூக்குவது? லாரித் தண்ணீர் வாங்குகிற வீடு என்றால் 8 பை போதும். மிச்ச மண்ணை மூடி வையுங்கள், ஆடிப்பட்டத்துக்கு ஆகும்.

அந்த எட்டில் நாலு பை வெண்டைக்கு. ராத்திரி ஊறவைத்து, பைக்கு ரெண்டு விதை ஊன்றி, நல்லதை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். ஒன்றரை மாதத்தில் காய் பறிக்கலாம். பறிக்க ஆரம்பித்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டாயம் பறிக்க வேண்டும், ஒரு காயை முற்ற விட்டால் செடி அத்தோடு சுணங்கிவிடும். இலை நரம்பு மட்டும் மஞ்சளாக ஓடினால் அது வெள்ளை ஈ கொண்டுவருகிற நோய். மருந்து தேடி அலையாமல் அந்தச் செடியைப் பிடுங்கிப் போடுங்கள்.

ரெண்டு பை பாகல். தோடு கெட்டியான விதை, அதனால்தான் பனியில் இது முளைக்கவில்லை என்று கடிதம் வருகிறது. நகவெட்டியால் ஓரத்தில் லேசாக ஒரு வெட்டு, ராத்திரி முழுக்கத் தண்ணீர், பிறகு ஈரத்துணியில் முடிந்து அடுப்பு மேடை ஓரமாக வையுங்கள். நாலைந்து நாளில் வெள்ளையாக முளை நீட்டும். முளை கீழே பார்க்க ஊன்றுங்கள்.

ஒரு பை கத்தரி. இப்போது விதை போட்டு நாற்றுக்குக் காத்திருக்க நேரமில்லை, நாற்றாகவே வாங்குங்கள். கிடைத்தால் எம்.டி.யு. 1 கேளுங்கள். நம் கல்லம்பட்டி நாட்டுக் கத்தரியிலிருந்து ஒத்தக்கடை வேளாண் கல்லூரிக்காரர்கள் தேர்ந்தெடுத்த ரகம், இந்த மண்ணுக்குப் புதுசில்லை. கடைசிப் பையில் சிறுகீரை. மணலோடு விதையைக் கலக்கும்போது ஒரு கை ரவையும் சேருங்கள். எறும்பு ரவையை இழுத்துக்கொண்டு விதையை விட்டுவைக்கும்.

தக்காளி ஆசையை விடுங்கள். கொளுத்துகிற வெயிலில் பூ நிற்காது, உதிரும். தண்ணீரைத் தை முழுக்கக் காலையில், பனி காய்ந்த பிறகு விடுங்கள். சாயங்காலம் விட்டால் ராத்திரிக் குளிரில் ஈரம் தங்கி நாற்று கழுத்தழுகிச் சாயும்.

மேலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்: கார்த்திகையில் போட்ட சுரையும் பீர்க்கும் பந்தல் நிறையப் பூக்கின்றன. ஒரு காய்கூட நிற்கவில்லை. பூச்சியா?

பூச்சி இல்லை தம்பி. முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. மெலிந்த காம்பில் பூ மட்டும் நிற்கும். பெண் பூவுக்கு அடியில் குட்டிச் சுரைக்காய் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள், தெரியும். குட்டிக்காய் இருந்தும் மஞ்சளாகி உதிர்கிறது என்றால் மகரந்தம் சேரவில்லை.

இங்கேதான் நிறையப் பேர் தப்பான நேரத்தில் போகிறார்கள். பூசணியும் பாகலும் காலையில் விரியும். சுரையும் பீர்க்கும் சாயங்காலம்தான் விரியும். காலையில் போய்ப் பார்த்தால் சுரைப்பூ வாடித் தொங்கும், நோய் என்று நினைத்து மருந்தடித்து வருகிற வண்டையும் விரட்டிவிடுவீர்கள். பொழுது சாய்ந்ததும் போங்கள். புதிதாக விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழைப் பிய்த்துவிட்டு, நடுத்தண்டில் உள்ள மாவைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். பிடித்திருந்தால் நாலு நாளில் பிஞ்சு பருத்துத் தலைகுனியும்.

இன்னொன்று, எருவைக் கொட்டியிருக்கிறீர்களா? தழை கருகருவென்று இருந்தால் அதுதான் காரணம். தாய்க்கொடியின் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக்கொடியில்தான் பெண் பூ அதிகம் வரும்.

புடலைக்கும் சாயங்காலம்தான். உங்கள் பக்கத்துத் தனியாமங்கலப் புடலையைப் பன்றிப்புடலையோடு சேர்த்து உண்டாக்கியதுதான் எம்.டி.யு. 1 புடலை. வீரிய ஒட்டு, அதில் விதை எடுத்து வைத்து அடுத்த பட்டத்துக்குப் போட்டால் தாயைப் போல வராது.

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி: கரிசல் மண், போர் தண்ணீர் உப்பு. மண்மேல் வெள்ளையாகப் பூக்கிறது. எதைப் போட்டாலும் ஓரம் கருகுகிறது.

பீன்ஸ் போட்டிருப்பீர்கள். உப்புக்கு அது முதல் ஆளாகப் போகும். கொத்தவரையும் பாலக்கும் போட்டுப் பாருங்கள், ரெண்டும் தாங்கும். தினம் ஒரு சொம்பு தெளிக்கிற பழக்கத்தை நிறுத்துங்கள், அதனால்தான் உப்பு மேலேயே படிகிறது. விட்டால் வேருக்குக் கீழே இறங்குமளவு விட்டு, மண் காய இடைவெளி கொடுங்கள். வைக்கோலோ கரும்புச் சோகையோ மூன்று விரல் கனத்துக்குப் போர்த்தினால் கரிசல் வெடிக்காது.

செல்லூரிலிருந்து ஒரு பாட்டி: லண்டனில் இருக்கும் மகள் பூ விதைப் பாக்கெட் அனுப்பியிருக்கிறாள். பிப்ரவரியில் விதைக்கச் சொல்லிப் படம் போட்டிருக்கிறது.

அந்தப் படம் அந்த ஊருக்கு அம்மா. அங்கே பிப்ரவரியில் வெளியே உறைபனி, ஜன்னலோரத் தொட்டியில் விதைத்து, பனி விட்டபின் தோட்டத்தில் நடுவார்கள். நமக்குப் பிப்ரவரி என்றால் கோடை வாசல். காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், ஐப்பசியில் எடுக்கலாம். கை சும்மா இருக்காதென்றால் மாசியில் வெள்ளரி ஊன்றுங்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற நேரத்துக்குப் பேரன் பேத்திக்கு உப்பு மிளகாய்ப்பொடி தொட்டுத் தரப் பிஞ்சு இருக்கும்.

வில்லாபுரத்திலிருந்து ஒரு வாசகி: மாட்டுத்தாவணியில் மல்லி கிலோ ஆயிரங்களில் விற்கிறது. என் தொட்டி மல்லியில் மொட்டே இல்லை. வெட்டிவிடலாமா?

எல்லார் செடியிலும் மொட்டில்லை, அதனால்தான் அந்த விலை. பனிக்காலத்தில் மல்லி அடங்கித்தான் இருக்கும், 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியானாலும் சரி. கவாத்துக்கு, அதாவது கிளையை வெட்டிவிடுவதற்கு, நேரம் நவம்பர் கடைசி. அப்போது தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டியிருக்க வேண்டும். இப்போது அப்படி வெட்டினால் பங்குனிப் பூ தள்ளிப்போகும். காய்ந்த குச்சி, உள்ளுக்குள் நெருக்குகிற கிளை, பழுத்த இலை இதை மட்டும் எடுங்கள். மேல்மண்ணைக் கொத்தி ரெண்டு கை மாட்டெரு போட்டு, நாள் முழுக்க வெயில் விழுகிற இடத்துக்குத் தொட்டியை நகர்த்துங்கள். நிழலில் வைத்துக்கொண்டு பூ கேட்காதீர்கள்.

வாடிப்பட்டியிலிருந்து ஒரு வாசகர்: ஒட்டு மாங்கன்று இப்போது நடலாமா?

கிணற்றில் சித்திரைவரை தண்ணீர் உண்டு என்றால் நடுங்கள். இல்லையென்றால் ஆடி கழியட்டும்.