காவல் கூலி

கேள்வி: மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலைகளிடம் இசைவாணைக் கட்டணம் (ஆலையை நடத்த அனுமதி தருவதற்கான கட்டணம்) வாங்கி, அந்தப் பணத்திலேயே காற்று மாசைக் கண்காணிக்கிறவர்களுக்குச் சம்பளம் போடுவது, திருடனிடம் கூலி வாங்கிக்கொண்டு காவல் இருப்பது மாதிரி இல்லையா? கட்டணத்தை இன்னும் உயர்த்த வேண்டும் என்று வேறு சொல்கிறார்கள். ஜனங்கள் இதை ஆதரிப்பார்களா?
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: காவல் என்று ஒரு நல்ல சொல்லைப் போட்டிருக்கிறீர்கள், அதை விட எனக்கு மனசில்லை. காவலுக்குக் கூலி கொடுக்கிற வழக்கம் நம் ஊரில் போலீஸ் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது. சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்று ஒரு வரி வருகிறது, ஊரைக் காப்பதற்காக ஊரிடமே வாங்கியது. பிற்பாடு மதுரை, திருநெல்வேலிச் சீமையில் தலக்காவல், திசைக்காவல் என்று இருந்தது. களத்தில் நெல்லை அளக்கும்போதே காவல்காரர் பங்கைத் தனியாக ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அதில் பிடித்தது கூலியோடு வந்த நிபந்தனை. காவல் எல்லைக்குள் மாடு களவு போனால் காவல்காரர் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் மாட்டுக்கு உண்டான விலையைக் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அந்த முறை கெட்டும் போனது. கூலி கொடுக்காதவர் வீட்டு மாடு முதலில் காணாமல் போகும், துப்புக்கூலி என்று ஒரு தொகையை வைத்தால் அடுத்த நாள் ஏதோ ஒரு உடைமரக் காட்டில் மாடு கட்டிக் கிடக்கும். ஆக, உங்கள் சந்தேகத்துக்கு வயசு அதிகம். அதை நான் தள்ளிவிடவில்லை.

ஆனால் காவல் கெட்டது கூலியாலா? கேட்க ஆள் இல்லாததால் கெட்டது என்பேன் நான்.

கட்டணம் வேண்டாம் என்றால் வேறு யார் கொடுப்பது? அரசின் பொது நிதியிலிருந்து கொடுக்கலாம் என்பீர்கள். அது நீங்களும் நானும் சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் கட்டிய வரி. போன வருஷம் வடசென்னை எர்ணாவூரில் ஒரு வீட்டு மொட்டைமாடிக்குப் போனேன். அந்த அம்மா ஒரு பழைய வெள்ளை வேட்டியை நனைத்துக் கைப்பிடிச் சுவரில் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார், கரித்துணியாக வந்தது. காலையில் துடைத்த சுவர் அது. "வடகம், வத்தல் எல்லாம் போட்டுப் பதினஞ்சு வருஷம் ஆச்சு சார், கடையிலதான் வாங்குறோம்" என்றார். அந்த அம்மா புகையையும் முகர வேண்டும், அந்தப் புகையை அளக்க வருகிறவருக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டுமா? மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் அழுத்தமாகச் சொன்ன தீர்ப்பு எதைப் பற்றியது? உங்கள் பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றியது. ராணிப்பேட்டைக்காரரான நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

என் சண்டை கட்டணத்தை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் என்பதில். 1981ஆம் வருஷக் காற்றுச் சட்டப்படி வாரியத்தின் இசைவு இல்லாமல் ஆலையை நிறுவவோ ஓட்டவோ கூடாது. 1982இல் நம் மாநில வாரியம் வந்தது. இங்கே கட்டணம் ஆலையின் மொத்தச் சொத்து மதிப்பையும், எந்த மாதிரித் தொழில் எவ்வளவு மாசாக்கக்கூடும் என்பதை வைத்துப் பிரித்த சிவப்பு, ஆரஞ்சு, பச்சை வகைகளில் அது எதில் வருகிறது என்பதையும் பார்த்துப் போடப்படுகிறது. எத்தனை டன் கந்தகப் புகை விட்டார்கள் என்பது அந்தக் கணக்கில் இல்லை. ஒரே மதிப்புள்ள இரண்டு ஆலைகளில் ஒருவர் வடிகட்டியை ராத்திரியும் ஓட்டுகிறார், இன்னொருவர் மின்கட்டணம் மிச்சம் என்று இருட்டியதும் நிறுத்திவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேருக்கும் ஒரே ரசீதுதான். அமெரிக்காவில் 1990இல் சட்டத்தைத் திருத்தியபோது விடுகிற மாசில் டன்னுக்கு 25 டாலர் என்று ஒரு அளவு வைத்து, விலைவாசிக்கு ஏற்ப ஏறும்படி செய்தார்கள். பெரிய ஆலைகள் கட்டுகிற அந்தப் பணத்தை அனுமதி கொடுப்பது, கண்காணிப்பது என்று அந்த வேலைக்கு மட்டும்தான் செலவழிக்க வேண்டும், வேறு கணக்குக்குத் திருப்பக் கூடாது என்றும் எழுதிவைத்தார்கள். அதிலும் ஓட்டை உண்டு. வழக்குப் போடுகிற செலவை அந்தப் பணத்தில் எடுக்க முடியாது, நிலக்கரி மின் நிலையங்கள் மூட மூட வசூலும் இறங்குகிறது. இருந்தாலும் பணம் எதற்கு வாங்கியதோ அதற்கே போக வேண்டும் என்று சட்டத்திலேயே இருப்பது பெரிய விஷயம். எனக்கு அது இங்கே வேண்டும்.

இந்த இடத்தில் கோவை வாசகர் ஒருவர் ஞாபகம் வருகிறார். கட்டணத்தை ஏற்றினால் ஆலையெல்லாம் எல்லை தாண்டி ஸ்ரீசிட்டிக்குப் போய்விடும் என்று இதே பக்கத்தில் மூன்று முறை என்னோடு மல்லுக்கு நின்றவர். ஐயா, ஆந்திராவிலும் அதே 1981 சட்டம்தான், அங்கேயும் வாரியம் கட்டணம் வாங்கத்தான் செய்கிறது. தண்ணீர், துறைமுகம், வேலை தெரிந்த ஆட்கள் இதையெல்லாம் பார்த்துத்தான் ஆலை வைக்கிறார்கள். நாலாவது முறை எழுதினாலும் இதே பதில்தான்.

அபராதம் போட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். 2023இல் வந்த திருத்தத்தால் காற்றுச் சட்டத்தில் பெரும்பாலான மீறல்களுக்கு இருந்த சிறைத் தண்டனை போய், 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை தண்டத்தொகை என்று ஆகிவிட்டது. பல ஆயிரம் கோடி முதலீடு போட்ட ஆலைக்குப் பதினைந்து லட்சம் எந்த மூலைக்கு? தூத்துக்குடி தாமிர ஆலை இசைவைப் புதுப்பிக்காமலே நெடுநாள் ஓடியதையும் சேர்த்துக் கணக்கில் வைத்துத்தான் உச்ச நீதிமன்றம் 2013இல் 100 கோடி கட்டச் சொன்னது. அத்தனை நாளும் அங்கே போய்ப் பார்த்து நிறுத்தியிருக்க வேண்டியவர்கள் யார்? அபராதம் நடந்து முடிந்த பிறகு வருகிறது. நடக்காமல் பார்க்கிற ஆளுக்கும் ஜீப்புக்கும் கருவிக்கும் மாசாமாசம் பணம் வேண்டும், அதற்கு நிலையான வழி இந்தக் கட்டணம்தான்.

ஒருமுறை வடசென்னையில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது ராத்திரி பதினோரு மணிக்கு அழுகிய முட்டை நாற்றம். பிள்ளைகள் இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். சம்பந்தப்பட்ட ஒரு அலுவலகத்துக்குப் போன் செய்தோம். மறுநாள் பத்தரைக்கு ஒருவர் வந்தார், நல்ல மனுஷர், மூக்கை இரண்டு முறை உறிஞ்சிவிட்டு "இப்ப ஒண்ணும் இல்லையே சார்" என்றார். காற்று எப்போதோ திசை மாறியிருந்தது. அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அவ்வளவு பெரிய பகுதிக்கு அவரும் இன்னொருவரும்தானாம். ராத்திரி டியூட்டிக்கு ஆளே கிடையாது. கடலூர் சிப்காட் பக்கத்து ஊர்க்காரர்கள் 2004இலேயே பிளாஸ்டிக் வாளியும் பையும் வைத்து நாற்றம் வந்த நேரத்திலேயே காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், 20க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் அதில் இருந்தன. சம்பளம் வாங்காத காவல் அது. அவர்களால் முடிந்தது, கட்டணம் வாங்குகிற அமைப்பால் ராத்திரி ஒரு ஆளை அனுப்ப முடியாதா?

ஜனங்கள் ஆதரிப்பார்களா என்று கேட்டீர்கள். அந்த எர்ணாவூர் அம்மாவிடம் கேட்டேன். "வாங்கட்டும், நல்லா வாங்கட்டும். வாங்குறவங்க இங்க வந்து நிக்கணும்" என்றார். எத்தனை வாங்கினார்கள், எத்தனை முறை வந்து நின்றார்கள், இதை ஆலை வாசலில் தமிழில் எழுதிவைத்தால் ஆதரவுக்குக் குறைவே இருக்காது. ஆலை வாசலில் நச்சுக் கழிவு, புகை விவரங்களோடு நிற்கிற பலகை பல இடத்தில் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. அதைப் படிக்க வேண்டியவர்கள் எதிர்த் தெருவில் இருக்கிறார்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதியிருப்பேன்!

நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற புகைபோக்கி ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்றே கேள்வி கேளுங்கள். கடைசியாக எவ்வளவு கட்டணம் கட்டினார்கள், அதற்கப்புறம் எத்தனை முறை ஆய்வுக்கு வந்தார்கள், அதில் ராத்திரி வந்தது எத்தனை முறை. பதிலை எனக்கு அனுப்புங்கள், அப்படியே இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.