வாசகர் கேள்வி: பிரஷரை ஏற்றினால் வேகம் வருமா?

எங்கள் பட்டறை ஹைட்ராலிக் பிரஸ் காலையில் நன்றாக ஓடுகிறது. 11 மணிக்கு மேல் மெதுவாகிவிடுகிறது. ரிலீஃப் வால்வை (பிரஷர் அளவு மீறினால் ஆயிலை டேங்குக்குத் திருப்பிவிடும் வால்வு) முறுக்கி, பிரஷரை 120 பாரிலிருந்து 160 பார் ஆக்கியும் வேகம் வரவில்லை, ஆயில்தான் சுடுகிறது. கியர் பம்ப் நிமிடத்துக்கு 20 லிட்டர், சிலிண்டர் உள்விட்டம் 100 மி.மீ. – வாசகர், கோவை

முதலில் வால்வைப் பழைய 120-க்கே இறக்குங்கள். பிரஷர் தருவது பலம். வேகத்தைத் தருவது ஆயிலின் அளவு. உங்கள் பிஸ்டன் பரப்பு 78.5 ச.செ.மீ. 20 லிட்டர் முழுதும் போய்ச் சேர்ந்தால் நொடிக்கு 4.2 செ.மீ. இறங்கும், அதற்கு மேல் இறங்காது. நீங்கள் ஏற்றியது 9½ டன்னை 13 டன்னாக; ஃபிரேமின் வெல்டிங் அதைத் தாங்குமா என்பது வேறு கவலை. ராம் (இறங்கி அழுத்தும் தண்டு) நின்றதும் பம்ப் ஆயில் முழுவதும் 160 பாரில் ரிலீஃப் வழியே டேங்குக்குத் திரும்பினால் 5 கிலோவாட்டுக்கு மேல் சூடாகவே வீணாகும். ஐந்து இமர்ஷன் ஹீட்டரை டேங்கில் போட்டதுபோலத்தான்.

சூடானதும் ஆயில் நீர்த்து, தேய்ந்த இடங்களில் உள்ளுக்குள்ளேயே கசியும். கசிவது எங்கே?

சக்‌ஷன் ஸ்ட்ரெய்னரை (பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயில் உள்ள சல்லடை) கழுவி, ஆயில் மட்டம் பாருங்கள். பிறகு ராமை முழுக்க இறக்கிக் கட்டைமேல் நிறுத்தி, மோட்டாரை அணைத்து, லீவரை இருபக்கமும் தள்ளி பிரஷரை இறக்குங்கள். மேலேற்றும் பக்கத்து ஹோஸைக் கழற்றி அதன் வாயை அடைத்து, சிலிண்டர் துளையின் கீழ் வாளி வையுங்கள். மோட்டாரை ஓட்டி, இறக்கும் பக்கம் அழுத்துங்கள். ஆயில் விடாமல் ஒழுகினால் பிஸ்டன் சீல் போய்விட்டது. ஒழுகாவிட்டால் ஹோஸை மாட்டி, ராம் சும்மா இறங்கும்போது ரிலீஃபின் டேங்க் குழாயைக் கவனியுங்கள். அங்கே இரைச்சல் இருந்தால் வால்வு மூடி உட்காரும் சீட்டில் தூசி. இரண்டும் சரி, பம்ப் மட்டும் டேங்கைவிட வெகுவாகச் சுடுகிறது என்றால் பம்ப்தான் தேய்ந்திருக்கிறது. பலர் இதைத்தான் முதலில் மாற்றிக் காசைக் கரைக்கிறார்கள்.

ஹோஸ் கசிவை விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசித்துளை வழியே வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டையை நீட்டிப் பாருங்கள்.

6 பார் காற்றில் ஓடும் சிலிண்டரை மெதுவாக நகர்த்தினால் விட்டுவிட்டுக் குதிக்கிறதே? – வாசகர், ஓசூர்

உள்ளே வரும் காற்றைக் குறைத்திருப்பீர்கள். காற்றின் ஓட்டத்தைக் குறைக்கும் ஃப்ளோ கன்ட்ரோல் வால்வைத் திருப்பிப் போட்டு, வெளியேறும் காற்றை மட்டுப்படுத்துங்கள். எதிர்ப்பக்கக் காற்று மெத்தைபோல் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் லைனைத் திறந்ததும் வரும் முதல் ஸ்ட்ரோக்கில் அந்த மெத்தை இருக்காது, ராடு பாயும். கையை விலக்கி வையுங்கள். நொடிக்கு 5 செ.மீ.-க்கும் குறைவான வேகம் வேண்டுமென்றால் காற்றை மட்டும் நம்பாதீர்கள், கூடவே ஒரு ஹைட்ரோ-செக் சிலிண்டர் (ஆயிலால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிலிண்டர்) பூட்டுங்கள்.