டிவி அலமாரிக்குள் அடங்கும் கணினிக்கு எந்த மதர்போர்டு?

தர்மபுரியில் உள்ள வீட்டு டிவி அலமாரியில் வைத்து 4கே படம் பார்க்க ஒரு சிறு கணினி அமைக்க விரும்புவதாகவும், எந்த மதர்போர்டை (கணினியின் பாகங்களைப் பொருத்தும் முதன்மைப் பலகை) வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

17 செ.மீ. நீளமும் அதே அகலமும் கொண்ட மினி ஐடிஎக்ஸ் வகையே உங்களுக்குப் பொருந்தும், 24.4 செ.மீ. சதுரமான மைக்ரோ ஏடிஎக்ஸ் விலை குறைவுதான் என்றாலும், அதற்கான பெட்டி பெரும்பாலான டிவி அலமாரிகளில் நுழையாது.

பலரும் கவனிக்கத் தவறுவது, கணினியை டிவியுடன் இணைக்கும் எச்டிஎம்ஐ இணைப்பின் பதிப்பைத்தான். பழைய, மலிவான போர்டுகளில் உள்ள 1.4 பதிப்பு 4கே படத்தை நொடிக்கு 30 பிரேம்கள் வரையே அனுப்பும் என்பதால், கிரிக்கெட் ஒளிபரப்பில் பந்து விட்டுவிட்டு நகர்வது போலத் தெரியும். குறைந்தது 2.0 இருக்கிறதா என்பதைக் கடைக்காரர் சொல்லைக் கொண்டு முடிவு செய்யாமல், தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் பார்த்துவிடுங்கள்.

படம் பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால், இன்டெல் என்100 பிராசசர் போர்டிலேயே பதிக்கப்பட்டு வருவதை வாங்குவதே என் பரிந்துரை. 6 வாட் அளவிலான இந்தப் பிராசசர் எச்இவிசி, ஏவி1 என்ற முறைகளில் சுருக்கப்பட்ட காணொளிகளை வன்பொருள் மூலமே விரிப்பதால் சூடு குறைவு. விசிறியில்லாத போர்டுகளும் உண்டு. கிருஷ்ணகிரியில் என் பழைய கணினியின் விசிறி, ஏப்ரல் மாதப் புழுக்கத்தில், மெல்லிய வசனம் வரும் காட்சியில்தான் சரியாக இரைச்சலிடும். திறந்து பார்த்தால், பிராசசரின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்கின் இடுக்குகளில் செம்மண் தூசி திரியாக அடைத்திருக்கும்.

கணினி விளையாட்டும் வேண்டுமென்றால் மட்டும், ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 8600ஜி பிராசசர் பொருந்தும் ஏஎம்5 சாக்கெட் கொண்ட போர்டைப் பாருங்கள்.