பெண்டாவேலன்ட் ஊசிக்குப் பின் காய்ச்சல்: அடுத்த டோஸ் போடலாமா?

சகோதரி, ஆறாவது வாரம் பெண்டாவேலன்ட் (ஐந்து நோய்களைத் தடுக்கும் ஒரே ஊசி) போட்டதும் குழந்தைக்குக் காய்ச்சல், தொடையில் கட்டி, அதனால் அடுத்த ஊசியே வேண்டாம் என்கிறார் மாமியார். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி அம்மா வீட்டுக்கு வந்ததில் தேதியும் தள்ளிப்போச்சு என்று எழுதியிருந்தீர்கள்.

தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். அதில் உள்ள கக்குவான் இருமல் தடுப்பு மருந்துதான் பெரும்பாலும் காய்ச்சலைக் கிளப்புகிறது. ஓரிரு நாளில் தணியும். கட்டி கரைய சில வாரம்கூட ஆகலாம். ஈரத்துணி வையுங்கள், தேய்க்கவோ, பச்சிலை அரைத்துப் பூசவோ வேண்டாம். பாராசிட்டமால் சொட்டு மருந்து, எடை பார்த்து நர்ஸ் சொல்லும் அளவு மட்டும்.

மாமியாரின் பயத்தையும் தள்ளிவிட முடியாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாத அழுகை, வலிப்பு, முகம் வீங்கி மூச்சுத்திணறல் எல்லாம் அபூர்வம், ஆனால் உண்டு. ஊசி போட்டதும் அரை மணி நேரம் உட்கார வைப்பது, முகவீக்கம், மூச்சுத்திணறல் போல உடனே வருவதைக் கவனிக்கத்தான். போன தடவை இதில் ஏதாவது நடந்திருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் அடுத்ததைப் போடாதீர்கள்.

மறுபக்கம், இந்த ஊசி தடுக்கும் நோய்களில் ஒன்றான தொண்டை அடைப்பான் (டிப்தீரியா). 2016-ல் உங்கள் பக்கத்து மலப்புறம் மாவட்டத்தில் திரும்ப வந்தது. மாட்டியவர்களில் பலர் ஊசி போடாதவர்கள், பாதியில் விட்டவர்கள். தொண்டையில் சாம்பல் நிறப் படலம் படர்ந்து மூச்சையே அடைத்துவிடும் நோய் அது.

தேதி தள்ளியதற்காக முதலிலிருந்து தொடங்க வேண்டாம்; முதல் ஊசி போட்டு நான்கு வாரம் ஆகியிருந்தால் போதும். கேரளத்தில் கொடுத்த தடுப்பூசி அட்டையோடு வரும் புதன்கிழமை பொள்ளாச்சி அரசு ஆஸ்பத்திரிக்கே போங்கள். 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் இந்த ஊசியைக் கொண்டுவந்தவை கேரளமும் தமிழ்நாடும்தான்; இரண்டு பக்கமும் இலவசம். அங்கிருந்தே மாமியாருக்குப் போன் போட்டு நர்ஸைப் பேசச் சொல்லுங்கள்.