காது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா சேர்த்துவைத்த இசைத்தட்டுகளில் 1968-ல் எச்எம்வி வெளியிட்ட 'ராக ஜாஸ் ஸ்டைல்' எல்பி ஒன்று இருக்கிறதாம். இணையத்தில் பழக்கமான அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவர் அதைக் கேட்கிறார். பதிலுக்கு அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ டிரெய்ன்', ஒரிஜினல் (அதாவது முதல் அச்சு) மோனோ (ஒற்றைத் தட ஒலி), விஜி பிளஸ் ('வெரி குட் பிளஸ்') தரத்தில் தருகிறேன் என்கிறார். கோல்ட்ரேனின் கச்சேரிப் பதிவுகள் ஒரு ஹார்ட் டிஸ்க் நிறையவும் உண்டாம். ஆனால் பார்சலை வாசகர்தான் முதலில் அனுப்ப வேண்டும். "நம்பி அனுப்பலாமா, நல்ல மாற்றுத்தானா?" என்று கேட்கிறார்.

நல்ல மாற்றாக இருக்கலாம். ஆனால் 'ஒரிஜினல்' என்பதும் 'விஜி பிளஸ்' என்பதும் இப்போதைக்கு அவர் வாய்ச்சொல் மட்டுமே. முதலாவதற்குப் போட்டோவிலேயே ஆதாரம் கேட்டு வாங்கிவிடலாம். இரண்டாவது கொஞ்சம் வம்பு பிடித்தது.

'ப்ளூ டிரெய்ன்' 1957 செப்டம்பர் 15 அன்று நியூஜெர்சியின் ஹாக்கென்சாக்கில், ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் தன் பெற்றோர் வீட்டு முன்னறையில் வைத்திருந்த ஸ்டுடியோவில் பதிவானது. வெளியிட்டது ப்ளூ நோட் நிறுவனம். மோனோ தட்டின் எண் 1577. அன்றிலிருந்து இன்றுவரை இது எத்தனையோ முறை மறுபடி அச்சாகியிருக்கிறது. உறையின் முன்பக்கம் மட்டும் பெரிதாக மாறவில்லை. அதனால் அட்டைப்படத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பி 'ஒரிஜினல்' என்றால் அதற்கு எந்த மதிப்பும் கிடையாது.

பார்க்க வேண்டிய இடம், பாட்டு முடிந்தபின் ஊசி சும்மா சுற்றிக்கொண்டிருக்குமே, அந்த வழவழப்பான வளையம். சேகரிப்பாளர்கள் அதை 'டெட் வேக்ஸ்' என்பார்கள். அங்கே மாட்ரிக்ஸ் எண், அதாவது அந்தப் பக்கத்தின் அச்சை அடையாளம் காட்டும் எண், கீறப்பட்டிருக்கும். அதன் பக்கத்தில் வான் கெல்டரின் முதலெழுத்துகளான 'ஆர்விஜி' இருக்கும். இவை தவிர, காது மடல் போல வளைந்த ஒரு சின்னக் குறியும் இருக்க வேண்டும். உண்மையில் அது சாய்த்து எழுதிய 'பி' என்ற ஆங்கில எழுத்து. ப்ளூ நோட்டுக்குத் தட்டு அச்சடித்துக் கொடுத்த பிளாஸ்டிலைட் ஆலையின் முத்திரை. 1965-ல் ப்ளூ நோட் நிறுவனம் லிபர்ட்டி ரெக்கார்ட்ஸுக்குக் கைமாறியது. 1966-லிருந்து தட்டுகள் வேறு ஆலைகளுக்குப் போயின, காதும் மறைந்தது.

விற்பவர்களில் பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான், சிலர் தெரிந்தே சறுக்குவார்கள். 'ஆர்விஜி முத்திரை இருக்கிறது, ஆகவே ஒரிஜினல்' என்பார்கள். வான் கெல்டர் இசைத் தடம் வெட்டிக் கொடுத்த மூலத் தட்டிலிருந்து எடுத்த உலோக அச்சுகளையே லிபர்ட்டியும் தொடர்ந்து பயன்படுத்தியது. அதனால் 1966-க்குப் பிந்தைய தட்டுகளிலும் ஆர்விஜி தாராளமாக இருக்கும். தட்டின் நடுவே இருக்கும் வட்டக் காகித லேபிள்களில் மிச்சமிருந்த பழையவற்றையும் பழைய உறைகளையும்கூட லிபர்ட்டி வீணாக்காமல் தீர்த்தது. உறை பழையது, லேபிள் பழையது, ஆர்விஜி உண்டு, காது மட்டும் இல்லை என்றால் அது லிபர்ட்டி காலத்துத் தட்டு. கேட்க அருமையாக இருக்கும். விலைதான் வேறு.

காது இருந்தாலும் உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம். 1958-ல் அடித்ததிலும் காது இருக்கும், 1965-ல் அடித்ததிலும் இருக்கும். காலத்தை நெருக்கிப் பிடிக்க லேபிளுக்குப் போக வேண்டும். ப்ளூ நோட் தன் முகவரியை லேபிளிலேயே அச்சிட்டது நமக்கு அதிர்ஷ்டம். முதலில் 767 லெக்சிங்டன் அவென்யூ. 1957-லிருந்து 47 வெஸ்ட் 63. 1962 வாக்கில் தெருப்பெயரே போய் வெறும் 'நியூயார்க் யுஎஸ்ஏ' ஆனது. லிபர்ட்டி வந்தபின் 'லிபர்ட்டி ரெக்கார்ட்ஸின் ஒரு பிரிவு' என்ற வரி. உங்கள் 1577-ல் 47 வெஸ்ட் 63 இருக்க வேண்டும். அந்த லேபிளிலும் ஆரம்பத்தில் நிறுவனப் பெயருக்குப் பின்னால் 'இன்க்' கிடையாது, வட்டத்துக்குள் 'ஆர்' கிடையாது. இரண்டும் பின்னால் சேர்ந்தவை. உங்களுக்குக் காட்டப்படும் தட்டில் அவை இருந்தால், அது பழைய தட்டுத்தான், ஆனால் முதல் அச்சு அல்ல.

லேபிளைச் சுற்றி விரலால் தடவினால் தட்டுப்படும் ஆழமான வட்டப் பள்ளத்தையும் கேளுங்கள். இது பழைய அச்சு இயந்திரத்தின் உலோக வார்ப்பு பதித்த தடம், இசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1961 வரை அடித்தவற்றில் வழக்கமாக இரண்டு பக்கமும் இருக்கும். அதன்பின் பழைய வார்ப்பு கையில் அகப்பட்டபோது ஒரு பக்கம் மட்டும் விழுந்த தட்டுகளும் உண்டு.

இரண்டு பக்க லேபிளையும் தனித்தனியாகக் கேளுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே காலத்து லேபிள் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஹாங்க் மோப்லியின் ப்ளூ நோட் 1568-ம் எண் தட்டைப் பாருங்கள். சேகரிப்பாளர்கள் சொத்தை விற்றாவது வாங்கத் துடிக்கும் தட்டு அது. அதன் முதல் அச்சில் ஒரு பக்கம் முகவரி 'நியூயார்க் 23' என்றும் மறுபக்கம் 'என்ஒய்சி' என்றும் முடியும். விவரம் தெரியாதவர் கண்ணுக்கு அது கோளாறு. தெரிந்தவருக்கு அந்தப் பொருத்தமின்மைதான் அடையாளம். ஆக, மூன்று நான்கு குறிகளைச் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். உள்ளே இருக்கும் காகித உறையை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ப்ளூ நோட்டின் 27-வது ஆண்டு விளம்பரம் அச்சிட்ட உள்ளுறை 1966-ஐச் சேர்ந்தது. அதை 1958 தட்டுக்குள் செருகுவதற்கு இரண்டு விநாடி போதும்.

இனி தரம். அமெரிக்காவில் 'கோல்ட்மைன்' பத்திரிகையின் அளவுகோல்தான் எல்லோரும் பேசுவது. மின்ட், நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி, பிறகு ஜி. கேட்டால் 'குட்' என்று அர்த்தம், வாங்கினால் வருத்தம். விஜி பிளஸ் என்றால் மேலோட்டமான சில கீறல்கள் இருக்கலாம், கேட்கும் இன்பத்தைக் கெடுக்கக் கூடாது. அந்த அளவுகோலின்படி நியர் மின்ட்டின் பாதி விலை. அதற்கு ஒரு படி கீழே விஜி, கால் பங்கு. அந்த ஒற்றைப் 'பிளஸ்'ஸில் மாற்றின் மதிப்பு இரட்டிப்பாகிறது. விற்பவர் கை ஏன் அந்தப் பக்கமே சாய்கிறது என்று சொல்லத் தேவையில்லை. இங்கிலாந்துக்காரர்கள் 'எக்ஸலன்ட்' என்று இன்னொரு படி வைத்திருக்கிறார்கள். இரண்டு அளவுகோலையும் கலந்து பேசினால் குழப்பம்தான் மிஞ்சும்.

தட்டைக் கண்ணால் பார்த்துத் தரம் போட்டாரா, முழுக்க ஓடவிட்டுக் கேட்டுப் போட்டாரா என்று கேளுங்கள். 1950-களின் தட்டுகளுக்கு இது முக்கியமான கேள்வி. அன்றைய பிளேயர்களில் ஊசியைத் தாங்கும் கை கனமானது, ஊசியும் தேய்ந்தது. தட்டில் ஒரு கீறல்கூட இருக்காது, பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஆனால் எக்காளமும் சாக்ஸும் உரத்து எழும் இடங்களில் ஒலி கரகரவென்று உடையும். தடத்தின் சுவரே அரைபட்டுப் போயிருக்கும். கழுவினாலும் இது போகாது, போட்டோவிலும் தெரியாது. ஆகவே ஒலித்துணுக்கு கேளுங்கள், எந்த இடம் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். இரண்டாம் பக்கத்தில் 'ஐ'ம் ஓல்ட் ஃபேஷன்ட்' இருக்கிறதே, அதன் தொடக்கம் வேண்டும். மெதுவான பாட்டு, அடியில் ஓடும் இரைச்சல் முழுவதும் வெளியே தெரிந்துவிடும். பிறகு அதே பக்கத்தின் கடைசியான 'லேஸி பேர்ட்' முடியும் இடம். லேபிளை நெருங்க நெருங்கத் தேய்மானம் அதிகம் காட்டும் என்பதால் அந்தக் கடைசி நிமிடம் பொய் சொல்லாது. துணுக்கில் சத்தம் நீக்கும் மென்பொருள் எதுவும் போடக் கூடாது என்றும் சொல்லிவிடுங்கள்.

உங்களிடம் இருப்பது ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் (ஊசியைப் பொருத்தியிருக்கும் சின்னப் பாகம்) என்றால் ஒரு விஷயம். பழைய மோனோ தட்டில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் மேல்கீழ் அசைவையும் வாசிக்கும், அந்தத் திசையில் அதற்குக் கிடைப்பது தூசியும் இரைச்சலும்தான். ஆம்ப்ளிஃபயரில் மோனோ ஸ்விட்ச் இருந்தால் போட்டுவிட்டுக் கேளுங்கள். 'மோசமான தட்டு' என்று சண்டைக்குப் போகும் பல தட்டுகள் அந்த ஒரு ஸ்விட்சில் அடங்கிவிடும்.

உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 'ராக ஜாஸ் ஸ்டைல்' சாதாரணத் தட்டு இல்லை. பம்பாய் சினிமாவின் சங்கர்–ஜெய்கிஷன் இரட்டையர், ரயிஸ் கானின் சிதாரையும் மனோகரி சிங்கின் சாக்ஸபோனையும் வைத்து 11 ராகங்களை ஜாஸ் பாணியில் செய்தது. சமீப ஆண்டுகளில் மறுபதிப்பு வந்திருக்கிறது, ஆனாலும் அசல் இந்திய அச்சை வெளிநாட்டில் தேடுபவர்கள் குறையவில்லை. மதிப்புத் தெரிய வேண்டுமானால், கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். டிஸ்காக்ஸ் தளத்தில் விற்பனை வரலாறு இருக்கிறது, பாப்சைக் தளத்தில் பழைய ஏல முடிவுகள் இருக்கின்றன. இரண்டு தட்டுக்கும் உண்மையில் கைமாறிய தொகையை, அதே தரத்தில், எடுத்து ஒப்பிடுங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றில் இருந்த தட்டு என்றால் பூஞ்சை இருக்கும். தரம் போடுவதற்கு முன் கழுவுங்கள். வாலை வடிநீரில் துளி பாத்திரம் துலக்கும் திரவம், மென்மையான பிரஷ், தடம் போகும் திசையிலேயே துடைப்பது, பிறகு வெறும் வாலை வடிநீரில் அலசல். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்புப் படியும். அப்பா பிளாஸ்டிக் மேலுறைக்குள் வைத்திருந்தால் அதைத் தூக்கி எறியுங்கள். பழைய பிவிசி உறை தட்டின் மேல் பனிப்படலம் போல ஒரு மங்கலை ஏற்றிவிடும், அது திரும்பப் போகாது. உறையில் அப்பா பேனாவால் எழுதிய பெயர் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அந்த அமெரிக்கரிடம் நீங்கள் கேட்கும் போட்டோ அத்தனையையும் நீங்களும் அனுப்புங்கள். வீட்டில் அரக்குத் தட்டுகளும் இருந்தால் அவற்றின் பக்கம் ஸ்பிரிட் பாட்டிலைக் கொண்டுபோகாதீர்கள், கரைந்துவிடும். அவற்றில் நூறு வயது தாண்டியவை இருந்தால், 1972-ன் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரலாம். விசாரிக்காமல் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உங்கள் 1968 தட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

அந்த ஹார்ட் டிஸ்க் எனக்குப் பிடிக்கவில்லை. கச்சேரி நாடாக்களைச் சேகரிப்பவர்களிடையே நீண்டகால மரபு ஒன்று உண்டு. காலி நாடாவும் தபால் செலவும் நீ கொடு, நகல் நான் தருகிறேன் என்பார்கள். காசு கை மாறாது, ஏனென்றால் அந்த இசை இருவருக்குமே சொந்தமில்லை. அப்படிப்பட்ட நகல்களுக்கு மாற்றில் மதிப்புப் போடுவது மரபுக்கு விரோதம். அதிகாரப்பூர்வமாக வெளிவந்துவிட்ட பதிவுகள் அதில் இருந்தால் அது திருட்டும்கூட. பழைய சேகரிப்பாளர் ஒருவருக்கு இது தெரியாமல் இருக்காது. அன்பளிப்பாகத் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே பதிவானது, எத்தனையாவது நகல், எம்பி3-யிலிருந்து மாற்றியதா என்ற விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். ஆனால் கணக்கில் சேர்க்காதீர்கள். தட்டுக்குத் தட்டு சரியாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

யார் முதலில் அனுப்புவது? பழக்கம் என்னவென்றால், நற்சான்று குறைவாக உள்ளவர் முதலில் அனுப்புவார். அவருக்கு இருபது வருட வியாபாரப் பெயரும் உங்களுக்கு ஒன்றும் இல்லாமலும் இருந்தால் அவர் கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தப் பெயரை அவர் காட்ட வேண்டும். முன்பு அவரோடு மாற்றிக்கொண்ட இரண்டு பேரை நீங்களே தேடிப் பிடித்து விசாரியுங்கள், அவர் கொடுக்கும் ஆட்களை மட்டும் நம்பாதீர்கள். அதற்கு அவர் முகம் சுளித்தால் ஒரே நாளில் இருவரும் அனுப்பலாம் என்று சொல்லுங்கள். அதற்கும் சம்மதிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். தட்டு எங்கும் ஓடிப்போகாது.

அனுப்பும்போது தட்டை உறைக்குள் வைத்து அனுப்பக் கூடாது. வழியில் ஆடி ஆடி உறையின் விளிம்பைக் கிழித்துவிடும். தட்டைப் புது உள்ளுறையில் தனியாக, உறைக்குப் பின்னால் வைத்து, இரண்டு பக்கமும் விறைப்பான அட்டை கொடுத்துக் கட்டுங்கள். சுங்கப் படிவத்தில் உண்மையான மதிப்பை எழுதுங்கள், அவரையும் எழுதச் சொல்லுங்கள். 'கிஃப்ட்' என்று எழுதச் சொல்லிச் சிலர் யோசனை தருவார்கள். இந்தியாவுக்குள் வரும் பரிசுப் பொருளுக்கான வரிவிலக்கு 2019 இறுதியிலேயே போய்விட்டது. மதிப்பைக் குறைத்து எழுதினால், பார்சல் தொலைந்த அன்று காப்பீட்டுத் தொகையும் அந்தக் குறைந்த அளவில்தான் வரும். வரிப் பணத்தை மாற்றின் செலவோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வேண்டியது 1958-ல் அச்சான அந்தப் பொருள்தான் என்றால் மேலே சொன்னபடி செய்யுங்கள். கோல்ட்ரேனை நன்றாகக் கேட்பதுதான் ஆசை என்றால், 2022-ல் ப்ளூ நோட் தன் 'டோன் போயட்' வரிசையில் இதே 'ப்ளூ டிரெய்ன்' மோனோவை மூல நாடாவிலிருந்து மாஸ்டரிங் பொறியாளர் கெவின் கிரேயைக் கொண்டு தடம் வெட்டி வெளியிட்டிருக்கிறது. அரைபட்ட ஒரு விஜி பிளஸ்ஸைவிட அது பல மடங்கு மேல். அதைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு, அப்பாவின் தட்டை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன்.