கழுத்திலிருந்து ஏறும் தலைவலி: பிசியோதெரபி கேள்வி பதில்

அக்கா, ரங்கூனில் தையல் வேலை. மத்தியானத்துக்கு மேல் வலது பிடரியில் தொடங்கி கண்ணுக்குப் பின்னால் வரை வலி ஏறுகிறது. ஒற்றைத் தலைவலியா?

எப்போதும் அதே பக்கம், கழுத்தைத் திருப்பினால் கூடுகிறது என்றால் முதலில் கழுத்தைத்தான் பார்க்க வேண்டும் தம்பி. மேல் மூன்று கழுத்து நரம்புகளும் முகத்தின் உணர்ச்சி நரம்பும் மூளைத்தண்டின் கீழே ஒரே இடத்தில் சேர்கின்றன. கோளாறு கழுத்தில் இருக்க, வலி கண்ணில் தெரிவது அதனால்தான். பிசியோதெரபிஸ்ட் உங்களை மல்லாக்கப் படுக்க வைத்து, தலையை முழுதும் குனித்துப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார். ஏறக்குறைய 44 டிகிரி திரும்ப வேண்டும். வலிக்கிற பக்கம் 30-ஐ ஒட்டியே முட்டி நின்றால் கழுத்தின் மேல் மூட்டு இறுகியிருக்கிறது.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி. மல்லாந்து படுத்து, மடித்த கைலியைத் தலைக்கடியில் வையுங்கள். "ஆமாம்" என்று தலையாட்டுவதுபோல், மிகச் சிறிதாக, முகவாயை உள்ளே இறக்குங்கள். தலை தரையைவிட்டு எழக் கூடாது. 10 விநாடி அப்படியே வைத்திருந்து, பிறகு தளர்த்துங்கள். 10 தடவை, காலையும் மாலையும். கழுத்தின் இரு பக்கமும் விரலை வைத்துப் பாருங்கள். காதுக்குப் பின்னாலிருந்து காறையெலும்புக்கு இறங்கும் தசை கயிறுபோல் எழும்பினால், உள்ளே இருக்கும் சின்னத் தசைகள் சும்மா கிடக்க, பெரிய தசை வேலையைப் பிடுங்கிக்கொள்கிறது என்று அர்த்தம். அசைவைப் பாதியாகக் குறையுங்கள். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் கெடுத்துக்கொள்கிறார்கள்: அழுத்திச் செய்து, வலி கூடியதும் நிறுத்திவிடுகிறார்கள். ஆறு வாரம் விடாமல் செய்யுங்கள். மெஷினிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து தோளைச் சுழற்றுங்கள்.

முடிவெட்டும் கடையில் கழுத்தில் நெட்டி எடுத்தால் லேசாகிறதே?

தயவுசெய்து வேண்டாம். கழுத்தெலும்புகளின் ஊடாக மூளைக்கு ஏறும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம்வரை போகும். அரிதுதான், ஆனால் வந்தால் மீட்பது கஷ்டம். தோளையும் பிடரியையும் பிசைந்துவிடச் சொல்லுங்கள், போதும்.

பாரசிட்டமால் போட்டால்தான் வேலை ஓடுகிறது. (மோல்மேனிலிருந்து ஒருவர்)

மாதத்தில் எத்தனை நாள் என்று காலண்டரில் குறியுங்கள். சாதாரண வலி மாத்திரையே 15 நாளுக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்கு மேல் ஓடினால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். பல மருந்து கலந்த கூட்டு மாத்திரைக்கு 10 நாளே எல்லை. இதைச் சரிசெய்யாமல் எந்தப் பயிற்சியும் நிலைக்காது. எப்படி நிறுத்துவதென்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஒற்றைத் தலைவலிக்கு நடை உதவுமா?

உதவும். வலி இல்லாத நாளில் மட்டும். 15 நிமிடத்தில் தொடங்கி, வாரம் 3 நாள், 40 நிமிடம்வரை கூட்டுங்கள். திடீரென வேகம் பிடித்தால் அதுவே வலியைக் கிளப்பும். சித்திரை வெயிலில் விடிவதற்குள் முடித்துவிடுங்கள். தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

எப்போது பயிற்சியே கூடாது? (தன்லினிலிருந்து ஒருவர்)

இடி விழுந்ததுபோல் சட்டென உச்சத்துக்குப் போகும் வலி, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், தலையில் அடிபட்ட பிறகு வரும் வலி, 50 வயதுக்குப் பின் புதிதாக வருவது: இவற்றுக்கு நேரே ஆஸ்பத்திரி. காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும் அப்படியே. நம் ஊரில் காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்து வந்தால் கழுத்தைத் தொடுவதற்கு முன் மலேரியா, டெங்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் அம்மா.